ஃப்ளெக்ஸில் ஒரு அறிவுச்சுடர்

“ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் போட்டி போட்டு அழைக்கும் மாமல்லபுரத்தின் அறிவுச்சுடரே, வாழ்க!” என்றது ஈசிஆர் பஸ் ஸ்டாப்பில் நின்ற ஃப்ளெக்ஸ். கீழே ஹாதியாவின் பாஸ்போர்ட் படம், தலையில் பட்டமளிப்புத் தொப்பி.

தொப்பியை ஒட்டியவர் தாய்மாமா தௌசிஃப். ஃப்ளெக்ஸ் அடிப்பதுதான் அவர் தொழில். அக்கா மகள் மேற்படிப்புக்காக இரண்டுக்கும் விண்ணப்பித்திருக்கிறாள் என்று கேள்விப்பட்ட அன்றே அடித்துவிட்டார். முடிவு வந்த பிறகு வைத்தால் அது வெறும் தகவல் என்பது அவர் கொள்கை.

சிறுசேரிக்குப் போகும் ஆபீஸ் வேன் சரியாக அந்த ஃப்ளெக்ஸின் கீழேதான் நிற்கும். தினமும் தன் முகத்தின் கீழேயே நின்று ஹாதியா வேனுக்குக் காத்திருந்தாள்.

அடுத்த வாரம் இரண்டு பல்கலைக்கழகங்களும் பதில் அனுப்பின. இடம் இல்லை, மிகவும் வருந்துகிறோம். இரண்டில் எது உசத்தி என்று ஊரே அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வித்தியாசமும் இல்லை என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அம்மாவிடம் சொன்னாள்.

“ஞாயித்துக்கெழம பிரியாணிக்கு ஊரையே கூப்ட்டு வெச்சிகீறான் ஒங்க மாமன்,” என்றாள் ஷரீபுன்னிசா. “அதுவரைக்கும் வாயத் தொறக்காத.”

அத்தா ஜெயினுலாபுதீன் தன் சங்குக்கடைக்கு வரும் வெள்ளைக்காரர்களிடமெல்லாம் இரண்டில் எது உசத்தி என்று கருத்துக் கேட்டார். “நான் கல்லூரிக்கே போனதில்லை” என்ற ஒருவருக்கு மட்டும் விலையில் அவர் இறங்கவே இல்லை.

ஞாயிறு வந்தது. பந்தியில் மாமா ஆரம்பித்தார். “டிக்‌ஷ்னரி போட்டவன் யாரு? ஆக்ஸ்போர்டு. நாம பேசற இங்கிலீஷே அவன் குடுத்ததுதான்.”

“போ அண்ணாத்த,” என்றார் பக்கத்துப் பட்டறைச் சிற்பி சடையப்பன். “ஊருக்கு ஊரு கேம்பிரிட்ஜ் நர்சரி ஸ்கூல் கீது. இத்தினி பிராஞ்ச் வெச்சிகினுகீறவன் பெரியாளா, ஒரு புக்கு போட்டவன் பெரியாளா?”

“நீயே சொல்லும்மா, எது?” என்று மாமா அவள் பக்கம் திரும்பினார். பந்தி முழுக்கக் கை நின்றது.

“ரெண்டு எடத்துலயும் சீட் இல்லன்னு சொல்ட்டாங்க மாமா. எப்பவோ மெயில் வந்துச்சு. அந்த ஃப்ளெக்ஸ எடுத்துடுங்க.”

ஷரீபுன்னிசா தால்ச்சா வாளியோடு அடுக்களைக்குள் போய்விட்டாள். மாமா ஒரு எலும்பை நிதானமாகக் கடித்து முடித்தார்.

“எடுத்துட்டா ஊரு இன்னான்னு கேக்கும்? நான் பாத்துக்கறேன். நீ துன்னு.”

செவ்வாய்க்கிழமை பழைய ஃப்ளெக்ஸ் இல்லை. புதியது இருந்தது, முன்னதைவிடப் பெரிதாக. “ஆக்ஸ்போர்டையும் கேம்பிரிட்ஜையும் உதறித் தள்ளி, பிறந்த மண்ணே போதும் என்ற வீரமங்கையே!” தொப்பி மட்டும் அப்படியே இருந்தது.

வேன் ஓட்டுநர் சம்பத் எட்டிப் பார்த்தார். “சூப்பர்மா. அவன் கெடக்கறான், நமக்கு நம்ம ஊரு போதும்!”

ஹாதியா இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தாள். இரண்டிலும் இடம் கிடைக்கவில்லை. அன்று காலை வேனில் ஏறி சிறுசேரிக்கு வேலைக்குப் போனாள்.