ஷெட்டுக்கு மேல் பச்சை வலை

நல்லம்பள்ளியில் இருக்கும் என் லேத் ஷெட்டின் மீது ஒரு வெளிநாடு ஏவுகணை விடும் என்று நான் நம்பினேன். குடித்துவிட்டு அல்ல. காலையில், பல் விளக்கிவிட்டு, முழு சுயநினைவோடு நம்பினேன். நாற்பத்தெட்டு வயதில் இவ்வளவு முட்டாளாக இருக்கத் தனித் திறமை வேண்டும்.

ஷெட் என்னுடையது. உள்ளே இருந்த கம்ப்யூட்டர் லேத் மட்டும் எனக்கும் என் நண்பனுக்கும் பொது. இருவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். கையெழுத்துப் போடும் வேலை என்றாலே எனக்குக் கொட்டாவி வரும் என்பதால் மெஷினின் காகிதமெல்லாம் அவன் பேரில் இருந்தது. அவன் ஆர்டர் பிடிப்பான், நான் கடைவேன். ஓசூரில் ஒரு கம்பெனியிலிருந்து இரும்பு பின் செய்யும் ஆர்டர் கொண்டுவந்தான். முழங்கை நீளம், கெட்டியான உருக்கு. பொக்லைன் வண்டியின் சங்கிலிக்கு என்றான். நானும் ஆறு மாதம் பொக்லைனுக்கென்றே கடைந்தேன்.

ஒருநாள் டீக்கடையில் போனை எடுத்து வீடியோ காட்டினான். எங்கோ ஒரு நாட்டுச் சண்டை. சேற்றில் ஒரு டாங்கி உறுமிக்கொண்டு போகிறது.

"அந்த சங்கிலியில கண்ணியக் கண்ணியோட கோக்கறது நம்ம பின்னுதான் மாப்ள."

டாங்கி ஓட ஓட பின் தேயும், தேய்ந்ததைக் கழற்றிவிட்டுப் புதிது போடுவார்கள், சண்டை நிற்கும்வரை நமக்கு வேலை நிற்காது என்று விளக்கினான். டம்ளரைக் கீழே வைக்கும்போது இன்னொன்றையும் சொன்னான். சாமான் செய்கிற இடத்தைத்தான் எதிரி முதலில் தேடுவானாம்.

அந்த டாங்கி யாரைப் பார்த்துப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை. அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். என் கவலையெல்லாம் என் தலையோடு முடிந்துவிட்டது.

மறுநாள் ஷெட்டின் போர்டைக் கழற்றினேன். கூரை வானத்திலிருந்து தெரியக்கூடாது என்று நாற்றுப்பண்ணைக்குப் போடும் பச்சை வலையை வாங்கித் தகரத்தின் மேல் இழுத்துக் கட்டினேன். வழியில் போன ஒரு விவசாயி சைக்கிளை நிறுத்தி, "என்னங்க, உள்ள தக்காளி நாத்து வுட்டுருக்கீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எதிரி நாட்டுக்கு நல்லம்பள்ளி எப்படித் தெரியும், நல்லம்பள்ளியிலேயே பாதிப் பேருக்கு என் ஷெட் தெரியாதே என்ற யோசனை எனக்கு வரவில்லை.

அடுத்த வாரம் தலைக்கு மேல் கொய்யென்று ஒரு சத்தம். வலையின் ஓட்டை வழியே பார்த்தேன். நாலு காலும் ஒரு கண்ணுமாக ஒன்று பறந்துகொண்டிருந்தது. லேத்துக்குப் பக்கத்தில், எண்ணெய்த் தண்ணீரில், குப்புறப் படுத்துவிட்டேன். பக்கத்து மண்டபத்தில் கல்யாணம். போட்டோக்காரர் டிரோன் விட்டிருக்கிறார். அந்த வீட்டு ஆல்பத்தில் ஒரு மூலையில் பச்சை வலை இருந்தால் அது நான்தான்.

நண்பன்தான் என்னைத் தூக்கி உட்கார வைத்தான். அவன் சிரித்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்துப் பெஞ்சிலிருந்து நான் விழுந்த நாளிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவன் பிழைப்பு. அன்றைக்குச் சிரிக்கவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "மாப்ள, பத்து நாள் மொரப்பூர்ல உங்க அக்கா வூட்டுல போயி இரு. போன ஆஃப் பண்ணிடு, அத வெச்சுத்தான் எடத்தக் கண்டுபுடிப்பானுங்க. இங்க நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்காக உயிரைப் பணயம் வைக்கிறான் என்று பஸ்ஸில் கண் கலங்கினேன். அந்தக் கண்ணீரை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

மொரப்பூரில் எட்டு நாள் ரயில் சத்தத்தை எண்ணிக்கொண்டு ஒளிந்திருந்தேன். ஒன்பதாம் நாள் என் மனைவி பஸ் ஏறி வந்தாள். போன் அணைந்தே இருந்ததால் நேரில் வந்திருக்கிறாள். வாசலிலேயே நின்றபடி கேட்டாள்:

"ஏங்க, மெஷின எங்க அனுப்புனீங்க?"

நான் அனுப்பவில்லை என்றேன். "குண்டு வுழும்னு உங்ககிட்ட மொதல்ல சொன்னது யாருங்க?" என்றாள். அக்கா கொண்டுவந்த காபியைக் கீழே வைத்துவிட்டுப் போனை ஆன் பண்ணினேன்.

ஏவுகணை எதுவும் வரவில்லை. நான் மொரப்பூர் போன மூன்றாம் நாள், பட்டப்பகலில், ஒரு கிரேனும் ஒரு லாரியும் வந்தன. மெஷினை ஏற்றிய ஆட்களுக்கு நண்பன் அதே டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறான். கடைக்காரர் விசாரித்ததற்கு, நான்தான் அனுப்பச் சொன்னேன் என்றிருக்கிறான். அந்தப் பின்னை இப்போது ஓசூரில் அவன் தனியாகக் கடைகிறான். என் ஷெட்டின் தரையில் மெஷினை முடுக்கியிருந்த நாலு போல்ட் ஓட்டைகள் இருக்கின்றன.