கப்டன் பரமலிங்கம் சொன்ன சாட்சி

ஐம்பத்தாறில், சிங்களம் மட்டும் சட்டம் வந்த அதே வருசத்து ஆவணியில் இராசேஸ்வரி கலியாணம் முடித்துத் மலைநாட்டில் ஆமி முகாம் இருந்த தியத்தலாவைக்குப் போனாள். புருசனின் குவாட்டர்ஸில் அவள் முதலிற் கண்டது குசினி அடுப்பருகே காயவைத்திருந்த ஒரு சோடி பந்தடிச் சப்பாத்து. உள்ளே பழைய பேப்பர் திணித்திருந்தது.

"இதென்ன, சமைக்கிற இடத்திலை?"

"வெளியிலை வைச்சாக் குளிருக்குக் காயாது. சனிக்கிழமை விளையாட்டு இருக்கு. நீரும் வந்து பாருமன்," என்றார் பரமலிங்கம்.

சரவணையில் வயலும் பனங்காணியுமாய் வாழ்ந்த குடும்பத்தில் ஆமிக்குப் போன ஒரே ஆள் அவர். அப்போது லெப்டினன்ற், பாலம் கட்டும் பொறியியல் படைப்பிரிவு. உத்தியோகம் அதுவென்றாலும் உயிர் உதைபந்தாட்டத்தில்தான் இருந்தது. கொழும்பில் ஒரு கொம்பனி, தங்கள் அணிக்கு விளையாட வந்தால் நல்ல சம்பளத்தில் வேலை தருகிறோம் என்று ஆள் அனுப்பிக் கேட்டது. "பந்தடிக்கிறதுக்குச் சம்பளம் வாங்கினா அது விளையாட்டே?" என்று சிரித்து அனுப்பிவிட்டார். ஒருமுறை மத்தியஸ்தர் காணாத இடத்தில் பந்து தன் கையில் பட்டுவிட்டதென்று தானே போய்ச் சொல்லி, தன் பக்கத்துக்கே தோல்வி தேடிக்கொடுத்தார். அன்று இரவு மெஸ்ஸில் அவரோடு ஒருவரும் கதைக்கவில்லை. இராசேஸ்வரிக்கு அது பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

கப்டன் ஆனார். அதற்கு மேலே போகவில்லை. அறுபத்திரண்டில் சில அதிகாரிகள் அரசாங்கத்தைக் கவிழ்க்கப் பார்த்தார்கள் என்று பிடிபட்டபோது அவருக்கு அதில் ஒரு தொடர்பும் இல்லை. என்றாலும் தமிழ் அதிகாரியென்று, அவர் மெஸ்ஸுக்குள் வந்தால் கதை நின்றது. அவருக்குக் கீழே இருந்தவர்கள் அவருக்கு மேலே போனார்கள். அடுத்த வருசம், போகச் சொல்லுமுன்னே தானாக எழுதிக் கொடுத்துவிட்டு, மனைவியையும் சின்ன மகள் அம்பிகையையும் கூட்டிக்கொண்டு சரவணைக்கு வந்து சேர்ந்தார்.

பக்கத்து வளவில் அவரது அக்கா இலட்சுமிப்பிள்ளை இருந்தாள். அவளுடைய புருசனுக்குப் பதுளையில் கடை. வருசத்தில் இரண்டு தரம் வருவார். இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் ஆள் நுழையுமளவுக்கு ஒரு பொட்டு விட்டிருந்தார்கள். குழம்புச் சட்டியும், கோழிக்குஞ்சும், பிள்ளைகளும் அதனூடாகப் போய்வரும். இலட்சுமிப்பிள்ளையின் மகன் குணரத்தினம் மாமனைப் போலவே பந்தில் கெட்டிக்காரன். கோபத்தில் மட்டும் மாமனைப் போல இல்லை. அம்பிகை அவனுக்குத்தான் என்று ஒருவரும் வாய்விட்டுப் பேசவில்லை. பேசத் தேவையும் இருக்கவில்லை.

கப்டனுக்கு ஓட ஏலாமற் போன பிறகு மத்தியஸ்தம் செய்தார். வேலணையோ மடத்துவெளியோ ஊர்காவற்றுறையோ, எந்த ஊர்ப் போட்டியென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். சொந்த ஊர் விளையாடினாலும் மற்றப் பக்கம் மறுப்புச் சொல்லாது.

அறுபத்தொன்பது பங்குனியில் ஊர்காவற்றுறையில் இறுதி ஆட்டம் நடந்தது. சரவணைப் பெடியளும் கடற்கரைப் பெடியளும். இராசேஸ்வரியும் மகளும் வாடகைக் காருக்குள் இருந்தபடி பார்த்தார்கள். முதற் பாதியில், பந்து எங்கேயோ போன பிறகு, குணரத்தினம் விழுந்து கிடந்த ஒருவனின் முழங்காலை மிதித்ததை இராசேஸ்வரி கண்டாள். விசில் ஊதிக்கொண்டு ஓடிவந்த கப்டன் மருமகனுக்கு முன்னால் நின்றார். விரலை உயர்த்தி ஏதோ சொன்னார். வேறு ஆளென்றால் வெளியே போகச் சொல்லியிருப்பார் என்று அவளுக்குத் தெரியும். இவனை விட்டுவிட்டார். அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

ஆட்டம் முடிகிற நேரத்தில் கடற்கரைப் பக்கத்து அம்புறோஸ் அடித்த பந்து மேற்கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே துள்ளியது. கப்டன் கோல் என்று கையைக் காட்டினார். "அது உள்ளுக்கை போகேல்லை!" என்று சரவணைச் சனம் உள்ளே இறங்கியது. தடிகள், கற்கள், புழுதி. தள்ளுப்பட்டு விழுந்த அம்புறோஸ் எழும்ப முதல் குணரத்தினத்தின் சப்பாத்துக் கால் அவன் தலையில் இரண்டு தரம் விழுந்தது. காரில் ஏற்றி யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பண்ணைப் பாலத்தைத் தாண்டுமுன் சீவன் போய்விட்டது.

பொலிசுக்கு ஒருவரும் ஒன்றையும் கண்டதாகச் சொல்லவில்லை. அந்தப் புழுதியில் ஆர் அடித்தது என்று தெரியாது என்றார்கள். அம்புறோசுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நின்றவர் கப்டன் ஒருவர்தான்.

இலட்சுமிப்பிள்ளை பொட்டுக்குள்ளால் தலைவிரி கோலமாக வந்தாள்.

"தம்பி, பொய் சொல்லச் சொல்லேல்லையடா. காணேல்லை எண்டு சொன்னாப் போதும்."

"நான் கண்டனான், அக்கா."

"அவன் ஆர் உனக்கு? நாளைக்கு உன்ரை வீட்டுக்கு வாறவனெல்லே?"

"செத்தவனுக்கும் ஒரு தாய் இருக்கிறா."

"எனக்கும் ஒரு பிள்ளைதானடா!"

கப்டன் கதிரையை விட்டு எழும்பவில்லை. அக்கா அவரது காலைப் பிடிக்கக் குனிந்தபோதுதான் எழுந்து விலகிப் போனார். இராசேஸ்வரி பின்னாலே போய், "இஞ்சேருங்கோ, எங்கடை பிள்ளையை ஒருக்கா யோசியுங்கோ," என்றாள். அவர் கிணற்றடியில் நின்று முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். "யோசிச்சிட்டன்," என்றார்.

யாழ்ப்பாணத்துப் பெரிய கோட்டில் சாட்சிக் கூண்டில் ஏறி, கண்டதைக் கண்டபடி சொன்னார். குணரத்தினத்துக்காக வாதாடிய அப்புக்காத்து, "உமக்கும் இந்தக் குடும்பத்துக்கும் காணிப் பிரச்சினையோ?" என்று கேட்டார். "இல்லை. அவன் என்ரை மருமகன்," என்றார். குணரத்தினத்துக்கு ஏழு வருசம் கிடைத்தது.

தீர்ப்பு வந்த கிழமையே அக்கா வீட்டில் வேலிப் பொட்டைப் பனங்கறுக்குமட்டை வைத்து அடைத்தார்கள். பதுளைக் கடையை விற்றுவிட்டு வந்த அத்தானும் கன காலம் உயிரோடு இருக்கவில்லை. அந்தச் செத்தவீட்டுக்குப் போன கப்டனைப் படலையடியில் நிற்கவைத்துத் திருப்பி அனுப்பினார்கள். ஊரில் ஒருவரும் அவரை ஏசவில்லை. கோயிலில் அவர் நின்றால் அந்தப் பக்கம் வெறுமையாகும், அவ்வளவுதான். அதன் பிறகு மத்தியஸ்தத்துக்கும் அவரை ஆரும் கூப்பிடவில்லை.

ஒருநாள் கப்டன், "ஊர்காவற்றுறைக்குப் போட்டு வருவம்," என்று இராசேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு அம்புறோசின் தாய் மாக்கிறேற்றின் வீட்டுக்குப் போனார். கருவாட்டுப் பாய் விரித்த முற்றத்தில் மாக்கிறேற் இருந்தாள். வாருங்கோ என்று சொல்லவில்லை.

"கோட்டிலை உண்மை சொன்னியள் எண்டு சனம் சொல்லுது," என்றாள். "நல்லது. ஆனா ஐயா, முதற் பாதியிலை எங்கடை பக்கத்துப் பெடியன் ஒருத்தன்ரை முழங்காலை அவன் மிதிச்சவனாம். அப்பவே அவனை வெளியிலை விட்டிருந்தா என்ரை பிள்ளை இண்டைக்கு இருந்திருப்பான். ஏன் விடேல்லை?"

"விட்டிருக்க வேணும்," என்றார் கப்டன்.

மாக்கிறேற் கருவாட்டைப் புரட்டத் தொடங்கினாள். பஸ்ஸில் வரும்போது இராசேஸ்வரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று காருக்குள் தனக்கு வந்த அந்த நிம்மதி நினைவுக்கு வந்தது. அதை அவருக்குச் சொல்லலாமோ என்று நினைத்தாள். சொல்லவில்லை.

அம்பிகைக்குக் கேட்டு வந்த சம்பந்தங்கள் எல்லாம் பாதி வழியில் நின்றன. தகப்பனைப் பற்றி விசாரித்தவுடன் அவர்கள் வேறு சாட்டுச் சொல்வார்கள். அவள் படித்து ரீச்சராகி, நெடுந்தீவுக்கு இடம் கிடைத்தபோது சந்தோசமாகவே போனாள். "அங்கை ஆரும் என்னைக் கேளாயினம், அம்மா," என்றாள்.

எழுபத்தெட்டில் கப்டனுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது, வாயும் இழுத்துக்கொண்டது. ஏழு வருச மறியல் முடிந்து வந்து ஊரில் ஒட்டாமற் திரிந்த குணரத்தினம் அடுத்த வருசம் ஜேர்மனிக்குப் புறப்பட்டான். போகுமுன் ஒரு பின்னேரம் படலையைத் திறந்துகொண்டு வந்தான். இராசேஸ்வரி கதிரை போட்டாள். அவன் இருக்கவில்லை.

"மாமா, நான் போறன்."

கப்டனின் வாயிலிருந்து சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நல்ல கையை நீட்டினார். குணரத்தினம் அந்தக் கையைப் பார்த்தான். பிடிப்பான் போல இருந்தது. பிறகு, "நீங்கள் சொன்னது சரியாயிருக்கலாம். ஆனா என்னாலை ஏலாது, மாமா," என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். இராசேஸ்வரி ஊற்றிவைத்த தேத்தண்ணி அப்படியே ஆறிக் கிடந்தது. கப்டன் நீட்டிய கையை இறக்கச் சில நேரம் எடுத்தது. அவள்தான் பிடித்து மடியில் வைத்தாள்.

எண்பத்தொன்று தையில் அவர் இறந்தார். பாடை தூக்க ஆள் காணாமல், அம்பிகையோடு படிப்பிக்கிற இரண்டு பேர் வள்ளத்தில் வந்து தோள் கொடுத்தார்கள். இலட்சுமிப்பிள்ளையின் வளவில் அன்று அடுப்பு மூட்டவில்லை என்று மட்டும் இராசேஸ்வரி கவனித்தாள். இலட்சுமிப்பிள்ளை வரவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்ததும் மகள் தன்னோடு வரச் சொன்னாள். வீட்டைப் பூட்டி, பெட்டியோடு ஒழுங்கைக்கு வந்தபோது மச்சாள் தன் படலையடியில் நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது.

"நாங்கள் நெடுந்தீவுக்குப் போறம், மச்சாள்," என்றாள் இராசேஸ்வரி.

இலட்சுமிப்பிள்ளை பெட்டியைப் பார்த்தாள். பிறகு, "கடல் இப்ப கொந்தளிப்பு. பாத்துப் போங்கோ," என்றாள்.

குறிகட்டுவான் வள்ளத்துறைக்குப் போகும் பஸ் வருகிற சத்தம் கேட்டது. அம்பிகை பெட்டியைத் தூக்கினாள்.