மதகடியில் நான் விட்ட பூ

எங்கள் ஊர் ஏரியைப் பாழாக்கியவன் நான். அந்தப் பழி ஒரு பெண்ணின் தலையில் விழுந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து வாய் திறக்காமல் இருந்தவனும் நான்.

சென்ற மாதம் அங்கே போயிருந்தேன். சேலத்திலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் கரையில் ஜமக்காளம் விரித்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தது. "என்ன அழகு பாருங்க. கண்ணுக்கு எட்டின மட்டும் ஊதாப் பூ" என்று என்னிடமே சொன்னார் ஒருவர். அழகாம். அந்தப் பூவுக்கு அடியில் மீன்கூட மூச்சுவிட முடியாது. கரையோரமாக நடந்தேன். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்து ஏரி அது. என் சிறு வயதில் அதில் தாமரையும் அல்லியும்தான். தாமரை இலையைப் பறித்துக் கட்டுக் கட்டாகத் திருச்செங்கோட்டுச் சாப்பாட்டுக் கடைகளுக்குச் சுமந்துபோய்ப் பிழைத்தாள் ஒரு பெண். அவள் காம்பைத் தண்ணீருக்கு மேலே ஒரு சாண் விட்டுத்தான் அறுப்பாள். கீழே அறுத்தால் துளைவழியாகத் தண்ணீர் இறங்கிக் கிழங்கு அழுகிவிடுமாம். வருடத்தின் முதல் பூ மாரியம்மனுக்கு. சாவுத் தீட்டு உள்ளவர் கருமாதி முடியும்வரை ஏரியில் இறங்கக்கூடாது. இவை ஊர்க் கட்டுப்பாடு.

நான் சென்னையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பங்களாத் தோட்டத்துக் குளத்தில் ஊதாப் பூப் பூத்த ஆகாயத்தாமரையைப் பார்த்து மயங்கி, இரண்டு செடிகளைத் தகர டப்பாவில் போட்டு ரயிலில் கொண்டுவந்தேன். மாட்டுத் தொட்டியில் விட்டேன். "மாடு மோந்து பாத்துட்டுத் திரும்பிக்குது. எங்கியாச்சும் கொண்டுபோயி வீசு சாமி" என்றாள் அம்மா. வீச மனம் வரவில்லை. மதகடியில் மிதக்க விட்டேன். யாரும் பார்க்கவில்லை.

அடுத்த வருடம் தாவரவியல் வகுப்பில், வங்காளத்து ஆறுகளை அந்தச் செடி அடைத்துக் கிடப்பதைப் பற்றி ஆசிரியர் சொன்னார். நான் அழகான கையெழுத்தில் குறிப்பு எடுத்துக்கொண்டேன். ஊருக்கு ஒரு கார்டு எழுதவில்லை.

மூன்றே மழைக்காலத்தில் தாமரை ஒழிந்தது. அந்தச் சமயம் பார்த்து ஒருவருக்கு நினைவு வந்தது: புருஷன் செத்த ஒன்பதாம் நாளே அந்தப் பெண் ஏரியில் இறங்கியிருந்தாள். கோயில் முன்னால் ஊர் கூடியது. தலைமை என் அப்பா. விடுமுறைக்கு வந்திருந்த நான் அவர் பக்கத்தில்.

"ஏம்புள்ள, கருமாதி முடியறதுக்குள்ள எறங்குனயா, இல்லயா?" என்று கேட்டார் அப்பா.

"எறங்குனனுங்க. ஊட்டுல மூணு வயிறு இருக்குதுங்க."

"ஆத்தா சும்மா உடுவாளா?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். "ஆத்தா கோவிச்சா அம்மை போடுவாளுங்க. ஊதாப் பூவா வெப்பா?"

நாலு பேர் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. இனி அவள் ஏரியில் கால் வைக்கக்கூடாது என்றார். எனக்கு அந்தச் செடியின் லத்தீன் பெயர்கூடத் தெரியும். ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அப்பாவின் மரியாதை, என் மரியாதை என்று எதையோ எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மாதமே அவள் பிள்ளைகளோடு சேலம் போய்விட்டாள்.

பல வருடம் கழித்து, அப்பா இறந்த பிறகுதான் எனக்கு நாக்கு முளைத்தது. கோயில் திருவிழாவில் ஊர் முன்னால் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. "சாமிக்குப் பெரிய மனசு. அவ பாவத்த இவரு சொமக்கறாரு" என்றார்கள். "ஒரு பூச்செடி ஏரியத் திங்குமுங்களா?" என்று கேட்டார் பூசாரி. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கும்பிட்டார்கள்.

இரண்டு கோடை, ஆள் வைத்து நானும் இறங்கிச் செடியை வாரிக் கரையில் கொளுத்தினேன். மதகடியில் ஒரு களம் அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. அடுத்த மழைக்குச் சேற்றில் கிடந்த கிழங்கிலிருந்து ஏழெட்டுத் தாமரை இலைகள் எழும்பின. ஒன்றை அறுத்து ஈரத்துணியில் சுற்றி, விசாரித்துக்கொண்டு சேலம் அம்மாபேட்டையில் அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அவள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். இலையைத் திருப்பிக் காம்பைப் பார்த்தாள்.

"ஒரு மொழத்துக்கு மேல இருக்குது. தண்ணிக்குள்ள கைய உட்டு அறுத்தீங்களா?"

"ஆமாம்."

"அந்தக் கெழங்கு போச்சுங்க" என்று இலையைக் கீழே வைத்தாள். "அன்னைக்கு எங்கப்பன் ஊட்டுச் சாவாட்டம் அழுதுக்கிட்டுப் போனேன். நீங்க பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க?"

ஊருக்கு வரச் சொல்லிக் கேட்டேன். "ஏரி எனக்கு வேண்டாமுங்க. உள்ள என்ர மவன் தறியில இருக்கறான். நாஞ் செஞ்ச பாவத்துலதான் ஊர உட்டு வந்தோம்னு அவனும் நம்பறான். அவங்கிட்டச் சொல்லுங்க."

உள்ளே போய்ச் சொன்னேன். முப்பது வயது இருக்கும் அவனுக்கு. தறியை நிறுத்தாமலே கேட்டான்.

"எங்கம்மா சொல்லச் சொல்லுச்சுங்களா?" என்றான்.

"இல்லை, நான் செய்ததுதான்" என்றேன்.

"சரிங்க" என்றான். அவன் நம்பவில்லை. அடுத்த மழைக்கு மதகடித் தண்ணீரும் மூடிக்கொண்டது.