யூசுப் பாய்க்காகத் தக்கை பார்த்த மூன்று ஐப்பசிகள்

போன வாரம் பழனியில் அக்கா வீட்டில் காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது யூசுப் பாயின் மகள் ஜமீலா போனில் கூப்பிட்டாள். "மாமா, அத்தா போயிட்டாருங்க" என்றாள். கையைக் கழுவிவிட்டுப் பஸ் ஏறினேன். வடகவுஞ்சிப் பக்கம் மழைக்கு மரம் சாய்ந்து வண்டிகளெல்லாம் நின்றுவிட்டன. அறுத்து நகர்த்தி, பஸ் செண்பகனூரைத் தாண்டும்போது பாயை அடக்கம் செய்துவிட்டு எல்லோரும் திரும்பிவிட்டார்கள். முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு மரத்தின் மேல் கோபப்பட்டு என்ன செய்வது? ஆனாலும் கோபம் தீரவில்லை.

பாயைத் தெரிந்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: கொடைக்கானல் கடைவீதியில் ஸ்வெட்டர் கடை வைத்திருந்தவர். ஐப்பசி பிறந்தால் கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, மீன் பிடிக்க ஆசைப்பட்டு வருகிறவர்களை மேல்மலை ஏரிக்குக் கூட்டிப்போவார். அவருக்குப் பத்தொன்பது வருடம் துடுப்புப் போட்டவன் நான். ஐப்பசி மழை புழுவையும் மண்ணையும் ஓடை வழியாக ஏரிக்குள் கொண்டுவந்து தள்ளும். ஓடைவாயில் கெண்டைகள் மேய வரும். குளிர் இறுகுவதற்குள் அந்த ஐந்தாறு வாரம்தான். வருடத்தின் மற்ற நாளெல்லாம் பாய் வெறும் ஸ்வெட்டர் வியாபாரி. அந்த வாரங்களில் மட்டும் ஆளே வேறு. நடையில்கூட ஒரு மிடுக்கு வந்துவிடும்.

விருந்தாளியின் தூண்டிலை அவர் தொடவே மாட்டார். ஒருமுறை கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்குப் பெரிய கெண்டை மாட்டி, படகே ஆடியது. "பாய், பிடிங்க, பிடிங்க!" என்று அவர் அலறுகிறார். பாய் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு, "விட்டுக் குடுங்க சார், இழுக்காதீங்க, விட்டுக் குடுங்க" என்று வாயால் மட்டும் சொல்கிறார். தூண்டில் நரம்பு அறுந்தது. கோயம்புத்தூர்க்காரர் கத்தித் தீர்த்தார். பாய் பொறுமையாகச் சொன்னார்: "மீனைக் காட்டுறது நம்ம சோலி. புடிக்கிறது உங்க சோலி. நான் புடிச்சா அது எம் மீனுங்க. அதை ஊருக்குக் கொண்டுபோயி என்னன்னு சொல்லுவீங்க?" அடுத்த ஐப்பசிக்கு முதலில் கூப்பிட்டவர் அந்தக் கோயம்புத்தூர்க்காரர்தான்.

பிறகு பாய்க்குக் கண் போனது. எனக்கு அது தெரியவந்ததே டீயால்தான். பிளாஸ்கிலிருந்து டம்ளரில் ஊற்றுவதாக நினைத்துப் படகுப் பலகையில் ஊற்றினார். கண் நரம்பு வாடிவிட்டது, போனது போனதுதான், மிச்சமிருக்கிற வெளிச்சமாவது நிற்கச் சொட்டு மருந்து போடுங்கள் என்று மதுரையில் டாக்டர் சொல்லிவிட்டாராம். "வெளியில சொல்லிராதே முருகேசா. கண்ணு தெரியாதவன் படகுல எவன் ஏறுவான்? இந்த ஆறு வாரமும் இல்லைன்னா நான் என்னத்துக்கு இருக்கேன்?" என்றார். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஏரி முழுக்க அவருக்கு மனப்பாடம். தண்ணீரில் கையை வைத்தே எந்தப் பக்கம் போகலாமென்று சொல்லிவிடுவார். தூண்டில் நரம்பில் மிதக்கிற தக்கை ஒன்றுதான் சிக்கல். அது ஆடும்போது பொறுக்க வேண்டும், அமுங்கும்போது சுண்ட வேண்டும். அதை விருந்தாளிக்குச் சொல்லத்தானே பாய் கூட வருகிறார்? படகில் நானும் அவரும் எதிரெதிரே உட்காருவோம். அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். தக்கை ஆடினால் என் காலால் அவர் காலைத் தொடுவேன். அமுங்கினால் அழுத்துவேன். அவர் "இருங்க, இருங்க... இப்ப!" என்பார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் என்னைவிடப் பத்து வயது பெரியவரைக் காலால் தொடுவதென்றால்? ஒவ்வொரு தடவையும் என் கை தன்னால் போய் அவர் முழங்காலைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொள்ளும். வளர்ந்த வளர்ப்பு அப்படி. "ஏலே, கோயில்லகூட நீ இம்புட்டுக் கும்பிட்டிருக்க மாட்டே. நிப்பாட்டுடா, மாட்டிக்குவோம்" என்று சிரிப்பார். என்னால் நிறுத்த முடியவில்லை.

மூன்றாவது ஐப்பசியில் மாட்டினோம். திருச்சியிலிருந்து ஒரு தம்பதி. கணவர் பாய் பக்கத்தில் தூண்டிலோடு இருந்தார். ஓய்வுபெற்ற நர்சான அந்த அம்மா என் முதுகுக்குப் பின்னால். "ஏங்க பாய், மீன் கடிக்கிறப்பெல்லாம் இவர் உங்களைத் தொட்டுக் கும்பிடுறாரே, எதுக்கு?" என்று கேட்டார். நான் ஒரு பொய்க்கு வாயைத் திறந்தேன். பாய் முந்திக்கொண்டார்: "எனக்குக் கண்ணு தெரியாதும்மா. மூணு வருசமாச்சு. தக்கையை அவர்தான் பாக்குறாரு."

கணவர் தூண்டிலைக் கீழே வைத்தார். "மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்றார். "சொல்லியிருக்கணும். தப்புதாங்க" என்றார் பாய். கரைக்குத் திரும்பினோம். இறங்கும்போது அந்த அம்மா, "சொட்டு மருந்தை ஒழுங்காப் போடுங்க" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கடை வாசலில் மாட்டியிருந்த மீன்பிடி விளம்பரப் பலகையைப் பாயே தடவித் தடவிக் கழற்றினார். "என்னாலதானே பாய்?" என்றேன். "உன்னாலதான். இல்லைன்னு சொன்னா உனக்கு ஆறிருமா?" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா முருகேசா, மூணு வருசமா எனக்குச் சரியாத் தூக்கமில்லை. நேத்துத்தான் தூங்குனேன்" என்றார்.

பலகை போன பிறகும் ஆட்கள் கூப்பிட்டார்கள். போன் வந்தால் எடுத்த எடுப்பில் சொல்லிவிடுவார்: "எனக்குக் கண்ணு தெரியாதுங்க. கூட ஒருத்தர் பாத்துச் சொல்லுவாரு. பரவாயில்லைன்னா வாங்க." பாதிப் பேர் யோசித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிடுவார்கள். மிச்சப் பேர் வந்தார்கள். போன ஐப்பசியில் என் காலுக்கு வேலையே இல்லை. "ஆடுது பாய், ஆடுது!" என்று ஏரியே கேட்கும்படி கத்தினேன். எங்கள் பத்தொன்பது வருடத்தில் அதுதான் சந்தோஷமான வருடம்.

அவருடைய போனை ஜமீலா என்னிடம் கொடுத்துவிட்டாள். கூப்பிடுகிறவர்களுக்கு நீங்களே சொல்லுங்கள் என்றாள். இரண்டு மூன்று பேருக்கு என்னால் சொல்ல முடியவில்லை. பாய்க்கு உடம்பு சரியில்லை, பிறகு பேசுங்கள் என்று பொய் சொல்லி வைத்துவிட்டேன். இன்று காலை அந்தக் கோயம்புத்தூர்க்காரர் கூப்பிட்டார். "பாய் தவறிட்டாருங்க" என்றேன். "நான் அவருக்குத் துடுப்புப் போட்டவன். அவரளவுக்கு எனக்கு ஏரி தெரியாது. பரவாயில்லைன்னா வாங்க."

பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றைத்தான். சொல்லி முடித்ததும் போனைக் காதில் வைத்தபடியே அழுதுவிட்டேன். அந்தப் பக்கம் அவரும் வைக்கவில்லை.