தாலி கட்டாத அப்பா

போன செவ்வாய்க்கிழமை என்னைக் கைது செய்தார்கள். பதற வேண்டாம்... காலையில் பிடித்து, சாயங்காலமே விட்டுவிட்டார்கள்.

குத்தாலம் பக்கத்தில் எரிவாயுக் குழாய் பதிப்பதற்காக, கதிர் முற்றிய வயலுக்குள் பொக்லைனோடு வந்து நின்றார்கள். ஊரே திரண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டது. இந்தப் பத்திக்கு விஷயம் தேடிப் போன நானும் ஓரமாக உட்கார்ந்தேன். உட்கார்ந்தவனை வேனில் ஏற்றாமல் விடுவார்களா?

வயல் கோவிந்தராசு என்பவருடையது. உடையது என்றால்... கோயில் நிலம். அவர் அப்பா காலத்திலிருந்து குத்தகைக்குப் பயிர் செய்கிற குடும்பம்.

"பட்டா உங்க பேர்லயே இல்லையே. தடுக்க நீங்க யாரு?" என்றார் வந்திருந்த அதிகாரி.

"நட்டவன். அறுக்கப் போறவன்" என்றார் கோவிந்தராசு.

பேச்சு அதோடு முடிந்தது. எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய் ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். நம் ஊரில் முகூர்த்தத்துக்கு அடுத்தபடியாக மண்டபங்களை நிரப்புவது போராட்டம்தானே?

அங்கே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இளங்கோ. அறுவடை மெஷின் ஓட்டுகிறவர், ஒரத்தநாட்டுக்காரர்.

"அங்கேருந்தா போராட வந்தீங்க தம்பி?"

"எம் பொண்ணு இந்த ஊர்லதான் இருக்கா சார்."

எதிர்ச் சுவரோரம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த கோவிந்தராசுவின் பேத்திதான் அந்தப் பெண். அவர் மகள் கவிதாவும் இளங்கோவும் சென்னையில் ஒன்றாக வாழ்ந்தவர்கள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குழந்தை யாழினிக்கு மூன்று வயதானபோது மனக்கசப்பு முற்றி, கவிதா பிள்ளையோடு அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு இந்த நாலு வருஷத்தில் இளங்கோ பார்க்க வந்தபோதெல்லாம் பெரியவர் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம்.

"கோர்ட்டுக்குப் போகலாமே?" என்றேன்.

"வக்கீலும் அதான் சொன்னாரு. ஆனா அவ அம்மாவையும் தாத்தாவையும் கூண்டுல ஏத்திட்டு, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு சார் புள்ளைகிட்ட போய் நிப்பேன்?"

மத்தியானம் எலுமிச்சை சாதப் பொட்டலங்கள் வந்தன. இளங்கோ ஒன்றை எடுத்துப்போய் கோவிந்தராசு முன்னால் வைத்தார்.

"என் வயலுக்கு உன்னை யாரு கூப்பிட்டா? தாலி கட்டாதவன்... எம் பேத்திக்கு நீ யாரு?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. இளங்கோ குரலை உயர்த்தவில்லை.

"காலையில அந்த ஆபீசரும் உங்களை இதையேதாங்க கேட்டாரு."

பெரியவர் அடிக்கப் போகிறாரா, எழுந்து போய்விடுவாரா? இரண்டும் இல்லை. பொட்டலத்தைத் தள்ளிவிடாமல் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டார்.

நாலு மணிவாக்கில் வீட்டாட்கள் வரத் தொடங்கினார்கள். டிபன் கேரியரோடு கவிதா, கூடவே யாழினி. இளங்கோ சட்டென்று எழுந்தார் — எழுந்த பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். குழந்தை தாத்தாவிடம் ஓடியது. தன்னையே வைத்த கண் வாங்காமல் பார்க்கிற ஆளைக் காட்டி, "யாரு தாத்தா அவங்க?" என்றது.



"உங்கப்பா" என்றார் கோவிந்தராசு.

"அப்பறம் ஏன் வரவே இல்லை?"

"வந்தாரு. தாத்தாதான் விடலை."

பேத்தியிடம் இப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? எனக்கு எழுந்து கைதட்ட வேண்டும்போல இருந்தது.

கவிதாவின் கண் கலங்கியது, குரல் கலங்கவில்லை. இளங்கோவிடம், "ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. ஆனா வர்றேன்னுட்டு வராம இருந்துடாதீங்க. அவ வாசலையே பார்த்துட்டு இருப்பா" என்றார்.

இளங்கோ தலையை ஆட்டினார்... ஆட்டிக்கொண்டே இருந்தார்.

கணவன் மனைவியோ, அப்படி இல்லாதவர்களோ — பிரிகிறவர்கள் ஒருவருக்கொருவர் யாரோ ஆகிவிடலாம். பிள்ளைக்கும் அவர்கள் யாரோ ஆகிவிட வேண்டுமா?

குழாய்ச் சண்டை இன்னும் முடியவில்லை. எங்களை மட்டும் ஆறு மணிக்கு விடுவித்தார்கள். யாழினி மணமேடைப் படியில் இளங்கோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வகுப்பில் தன்னைக் கிள்ளிய பையனைப் பற்றி விலாவாரியாகப் புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். "மண்டபத்தைப் பூட்டணும், கிளம்புங்க" என்று சொல்லிப் பார்த்த போலீஸ்காரர், கடைசியில் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

விடுதலை ஆன பிறகும் வெளியே போகாமல் அடம்பிடித்த கைதியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.