வாசல் விட்டு வரைந்த மாடி

என் தம்பி பெண்டாட்டியைப் பற்றி நான் நல்லதாக நாலு வார்த்தை எழுதுகிறேன் என்றால் எங்கள் சொந்தத்தில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். நாத்தனார் வாயிலிருந்து அதெல்லாம் வராது என்பார்கள். வரும். முப்பது வருஷம் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவள் ஒரு சட்டை கம்பெனியில் செக்கர். தைத்த சட்டை அவள் மேசைக்கு வரும். காலர், தோள், அக்குள், கைமடிப்பு என்று விரலாலேயே ஓட்டிப் பார்ப்பாள். தையல் கோணியிருந்தாலோ நூல் விட்டிருந்தாலோ அந்த இடத்தில் குட்டியாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். தைத்தவள் கூடவே பஸ்ஸில் வருகிறவளாக இருந்தாலும் சரி, அவள் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள்தான் போய்ச் சாப்பிட்டிருந்தாலும் சரி, அம்பு அம்புதான். கம்பெனியில் அவளுக்கு அம்பு அக்கா என்றே பெயர்.

தம்பி கட்டில், சோபா விற்கும் பெரிய கடையில் வேலை பார்த்தான். அந்தக் கடைக்குள் மூன்று சுவர் மட்டும் வைத்துப் படுக்கையறை, படிப்பறை எல்லாம் ஜோடித்திருப்பார்கள். அலமாரியில் இருக்கிற புத்தகங்கள்கூட வெறும் அட்டை. "சார், இந்த மேசையில உங்க பொண்ணு உக்காந்து படிக்கிறத ஒரு நிமிஷம் கண்ண மூடி நெனச்சுப் பாருங்க" என்பான். அவர்களும் கண்ணை மூடுவார்கள். திறந்ததும் வாங்கிவிடுவார்கள். இருபத்தாறு வருஷம் அடுத்தவர் கண்ணை மூடச் சொல்லிப் பழகியவன், நடுநடுவே தன் கண்ணையும் மூடிக்கொண்டான்.

இது எங்கள் வீட்டு ஆண்களுக்கு வழிவழியாக வருவது. எங்கள் பெரியப்பா வாங்கப்போகிற காருக்கு ஷெட் போட்டுக் கதவுக்குப் பச்சை பெயின்ட்டும் அடித்து, கடைசிவரை அதில் விறகு அடுக்கினார். அவர் மகன், என் ஒன்றுவிட்ட அண்ணன், வராத பதவி உயர்வுக்கு மூன்று கோட்டு தைத்து வைத்திருந்தான். அவனுடைய தாடையில் இருந்த மச்சம்கூட என் தம்பிக்கு இருக்கிறது. மற்றது இல்லாமல் போகுமா?

தம்பி வீடு ஊருக்கு வெளியே, பஸ் திரும்பும் இடத்தையும் தாண்டி இருந்தது. நாற்பத்திரண்டு வீடு, எல்லாம் ஒரே அச்சு. முதல் தடவை போனபோது நான் வேறு யார் வீட்டு மணியையோ அடித்துவிட்டேன். எல்லா மொட்டை மாடியிலும் தூண் கம்பிகள் ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் மேலே ஒரு மாடி எடுக்கலாம் என்று விட்டு வைத்தது. துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று கம்பிக்குக் கம்பி பிளாஸ்டிக் பாட்டில் கவிழ்த்திருப்பார்கள். காற்றடித்தால் காலனி முழுக்கக் கடகடவென்று சத்தம். பதினேழு வருஷத்தில் ஒரு வீட்டிலும் மாடி எழும்பவில்லை, ஒருவரும் கம்பியை வெட்டவும் இல்லை. கம்பி நிற்கிறவரைக்கும் ஆள் இன்னும் மேலே வரப்போகிறான் என்று அர்த்தம். வெட்டினால் கதை முடிந்தது என்று அக்கம்பக்கம் பேசும்.

தம்பி மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனான். மகன் வேலைக்காகக் கடல் தாண்டிப் போன வருஷம், மொட்டை மாடியில் நீல பெயின்ட்டால் மாடி வீட்டையே தரையில் வரைந்துவிட்டான். கூடம், சமையலறை, மகனுக்கு ஒரு அறை, வரப்போகிற மருமகளின் துணிமணிக்குத் தனியாக ஒரு மூலை. ஒவ்வொரு அறைக்கும் கோட்டில் இடைவெளி விட்டு வாசல் வைத்திருந்தான். நான் தெரியாமல் நேரே நடந்துவிட்டேன்.

"அக்கா, அக்கா! அது சுவரு. வாசல் இந்தப் பக்கம்."

"மண்டை இடிக்கலையேடா."

"சிரிக்காத. சுத்தி வா."

சுற்றித்தான் போனேன். அவள் ஈரத் துணிக்கூடையோடு மேலே வந்தாள். அவளும் வாசல் வழியாகவே போய், மகன் அறையைச் சுற்றிக்கொண்டு கொடியில் துணி போட்டாள். "பழகிடுச்சு அண்ணி" என்றாள். "ரெண்டு நிமிஷம் கூட ஆகுது, அவ்வளவுதான்." அப்போது அவளுக்கும் அது ஒரு சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்லக் கூடாது.

மழைக்கு பெயின்ட் அழிந்தது. வருஷா வருஷம் அடித்துப் பார்த்தான். நாலாம் வருஷம் ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, கோட்டின்மேலேயே விரல் ஆழத்துக்கு வெட்டி அதற்குள் பெயின்ட்டை ஊற்றச் சொன்னான். இனி அழியாது என்று எனக்கு போன் பண்ணிச் சந்தோஷப்பட்டான். மேல்தளத்தைத் தானே காசு கொடுத்துக் கீறிய மனுஷனை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

மகன் வாரம் ஒருமுறை போனில் வருவான். "எப்பப்பா வர்ற?" என்று இவன் கேட்பான். "பார்க்கலாம்பா" என்பான் அவன். போனை வைத்ததும் இவன் எங்களிடம் "வரேன்னுட்டான்" என்பான். போன வருஷம் மகன் அங்கேயே ஒரு வீடு வாங்கியதை அம்மாவிடம் மட்டும் சொன்னான். அவள் அன்றைக்கே இவனிடம் சொன்னாள்.

"வாடகைக்கு விட வாங்கியிருப்பான்" என்றான் தம்பி.

"குடிபோய் நாலு மாசமாச்சுங்க."

"சரி, வந்தப்புறம் வாடகைக்கு விடுவான்."

இந்த நிலையில்தான் கூரை விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நாங்கள் மூவரும் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது படுக்கையறையில் தொப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவள் தலையணைமேல் கிடந்தது. மேலே கம்பி தெரிந்தது. அதைச் சுற்றிலும் பழுப்பாகக் கசிவு. அந்தக் கசிவு கட்டம் கட்டினாற்போல நேர்கோடாகப் போய், ஓரிடத்தில் மட்டும் விட்டுவிட்டு மறுபடி தொடங்கியது. நானே கண்டுபிடித்துவிட்டேன். மகன் அறை, வாசல் உட்பட.

அவள் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, விரிசல் இருந்த இடத்திலெல்லாம் சிவப்பு அம்பாக ஒட்டினாள். முப்பத்தொன்று. அன்றிலிருந்து பாயைக் கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கம்பெனியில் அரைநாள் விடுப்பு சொல்லி, வயதான ஒரு மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் சுத்தியலின் பின்பக்கத்தால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "கோடு வெட்டின வழியா ஒரு தண்ணி எறங்குது, கம்பி வழியா ஒரு தண்ணி எறங்குது. கம்பிய அடியோட வெட்டி மூடணும். கோட்டையெல்லாம் அடைச்சு மேல ஒரே பூச்சா பூசணும். அடுத்த மழைக்குள்ள பண்ணிடுங்கம்மா. அதுக்கப்புறம் இந்த ரூமுக்கு நான் பொறுப்பு சொல்லமாட்டேன்." மழைக்கு ஏழு வாரம் இருந்தது.

தம்பி என்ன செய்தான் தெரியுமா? அவள் வேலைக்குப் போன ஒருநாள், கடையிலிருந்து வெள்ளைப் பலகைகளைக் கொண்டுவந்து அந்த அறைக்குப் பொய்க்கூரை அடித்துவிட்டான். பூ வேலையோடு, நடுவில் விளக்கும் வைத்து. விரிசல், கசிவு, முப்பத்தொரு அம்பு எல்லாம் மேலே மறைந்துபோயின.

அவள் வந்து பார்த்தாள். "கிழிஞ்ச சட்டைக்கு இஸ்திரி போட்டு மடிச்சுக் குடுத்தா நான் பாஸ் பண்ணுவேனா?"

"வீடு என்ன சட்டையா?"

"சட்டை கிழிஞ்சா மானம் போகும். இது விழுந்தா மண்டை போகும். கம்பிய வெட்டணுங்க."

"வெட்டிட்டா பையன் வந்து எங்க இருப்பான்?"

"வரட்டும், கீழ என் ரூமக் குடுக்கறேன். முதல்ல கீழன்னு ஒண்ணு இருக்கணும்ல?"

அவன் எனக்கு போன் பண்ணினான். "அக்கா, நீயாவது சொல்லு. எதிர்வீட்டு டிரைவரு நேத்தே கேட்டுட்டாரு, 'என்ன சார், மாடி பிளான் கேன்சலா'ன்னு." ரிட்டையரான பஸ் டிரைவர் அவர். அவர் வீட்டிலும் முப்பத்தாறு கம்பி நிற்கிறது. நான் அவளிடம் பேசினேன். அவள் சொன்னது: "அண்ணி, அவருக்குத் தெரியாம ஆள் கூட்டிட்டு வந்து வெட்ட எனக்கு ஒருநாள் போதும். அவரு கடைக்குப் போற நேரம் எனக்குத் தெரியாதா? அப்படிப் பண்ணா அவரு ஆயுசுக்கும் நான் வெட்டினதாலதான் பையன் வரலன்னு சொல்லுவாரு. அவரு கண்ணு முன்னாடிதான் வெட்டணும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் போனில் வந்தபோது ஸ்பீக்கரைப் போட்டுச் சாப்பாட்டு மேசை நடுவில் வைத்தாள். தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

"கண்ணா, அப்பாவும் அத்தையும் இருக்காங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இங்க வந்து இருக்கப்போறியா, இல்லையா?"

"என்னம்மா திடீர்னு... பார்க்கலாம்."

"அந்த வார்த்தை வேண்டாம். அத வச்சு உங்கப்பா ஒம்போது வருஷமா வீடு கட்டிட்டு இருக்காரு. வரேன்னா வரேன்னு சொல்லு. இல்லன்னா இல்லன்னு சொல்லு. நான் கோவிச்சுக்கமாட்டேன்."

லைன் போய்விட்டதோ என்று நான் போனை எட்டிப் பார்த்தேன். அப்புறம் குரல் வந்தது. "வரலப்பா. லீவுக்கு வருவேன். இருக்க வரமாட்டேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான்..."

தம்பி மேசைமேல் இருந்த டம்ளரை நகர்த்தி நகர்த்தி ஒரு கோட்டில் வைத்தான். "சரிப்பா. உடம்பப் பாத்துக்க" என்றான். எழுந்து மேலே போனான். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகனிடம் "நல்லா இரு கண்ணா" என்றாள். அடுத்த நிமிஷமே மேஸ்திரிக்கு போன் போட்டு, "வியாழக்கிழமை வாங்க. மெஷினோட" என்றாள்.

வியாழக்கிழமை நானும் போயிருந்தேன். மேஸ்திரி, வெட்டும் மெஷினோடு ஒரு ஆள். ஒன்பது தூணில் எட்டின் கம்பியை வெட்டி முடித்தும் தம்பி கீழே இறங்கவே இல்லை. மகன் அறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஒன்பதாவது தூணின் கம்பி ஒன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொறி பறந்தது. எதிர்வீட்டு டிரைவர் தன் மாடியில் துணி காயப்போடுவதுபோல ஒரே துண்டை நாலு தடவை உதறினார். மற்ற மாடிகளிலும் தலைகள்.

"ஐயா, கொஞ்சம் எந்திரிச்சா..." என்றான் மெஷின்காரன். தம்பி அசையவில்லை. மேஸ்திரி அவளைப் பார்த்தார். "விட்டுட்டுப் போயிடலாமாம்மா? ஒரு தூணுதான்."

"ஒரு தூணு வழியா ஒழுகினாலும் ஒழுகல்தான்" என்றாள்.

அவள் நேரே போகவில்லை. சுற்றிக்கொண்டு, கோட்டில் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே போனாள். கம்பிமேல் இருந்த பாட்டில்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தாள். ஸ்டிக்கர் சுருளை எடுத்து, நாலு கம்பியிலும் வெட்டவேண்டிய இடத்தில் ஒவ்வோர் அம்பு ஒட்டினாள். நாலாவது கம்பியில் அவன் கை இருந்தது. அவள் காத்திருந்தாள். "அவனும் வரலன்னு சொல்லிட்டான். நாமளும் சொல்லிடலாங்க" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. எனக்கும் கேட்டுவிட்டது.

அவன் கையை எடுத்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டான். மெஷின்காரன் கோட்டைத் தாண்டி ஒரு கால் வைத்தான்.

"தம்பி, வாசல் அந்தப் பக்கம்" என்றான் என் தம்பி. "கடைசித் தடவை. வாசல் வழியா வந்துடுப்பா."

அந்த ஆள் ஒன்றும் புரியாமல் காலை எடுத்து, மெஷினைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனான். மேஸ்திரியும் அவன் பின்னால் சுற்றிப் போனார். யாரும் சிரிக்கவில்லை. நாலு நிமிஷத்தில் வேலை முடிந்தது. மறுவாரம் கோடெல்லாம் அடைத்து, மேலே சாம்பல் நிறத்தில் ஒரே பூச்சு.

பொய்க்கூரையையும் அவள் கழற்றச் சொல்லிவிட்டாள். காரை பூசினாலும் கூரை கண்ணுக்குத் தெரியவேண்டும் என்றாள். முதல் மழைக்கு நான் அங்கேதான் இருந்தேன். சாயங்காலம் கொட்டு கொட்டென்று கொட்டியது. மூவரும் கட்டில் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்து மேலேயே பார்த்தோம். ஒரு மணி நேரம். அவள் ஸ்டூலில் ஏறி உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். அப்புறம் கூடத்திலிருந்த தலையணையைக் கொண்டுவந்து அதன் பழைய இடத்தில் போட்டாள்.

யாரோ கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு டிரைவர், குடையோடு. அவர் வீட்டில் மூன்று இடத்தில் வாளி வைத்திருக்கிறாராம். அந்த மேஸ்திரி நம்பர் வேண்டும். தம்பி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"எங்க வீட்ல பாருங்க, ஒரு சொட்டு இல்ல. கம்பிய வெட்டணும்னு நான் ஆரம்பத்துலயே சொல்லிட்டேன். இவதான் யோசிச்சா."

நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"விடுங்க அண்ணி" என்றாள் காதோடு. "இந்தப் பொய்யில தண்ணி ஒழுகாது."