லேபிள் போன டின்களும் செக்கர் மச்சானும்

டப்பா என்ற பெயர் அவனுக்கு அப்பா அம்மா வைத்ததல்ல, நாங்கள் வைத்தது. உணவுச் சாமான் வந்திறங்கும் கிடங்கில் அவன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். நான் அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறேன். அவன் உட்கார்ந்துகொண்டு தூக்குவான், நான் நின்றுகொண்டு தூக்குவேன். மற்றபடி பெரிய வித்தியாசம் இல்லை.

கிடங்கில் ஈரம் ஏறினால் டின்களின் மேல் ஒட்டியிருக்கும் காகிதம் உரிந்து விழுந்துவிடும். லேபிள் போன டின்னை எந்தக் கடைக்காரனும் வாங்கமாட்டான். உள்ளே இருப்பது பட்டாணியா, பழமா, பூனைத் தீனியா என்று யாருக்குத் தெரியும்? அவற்றையெல்லாம் ஒரு கம்பிக் கூண்டுக்குள் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை சாயந்திரம் சூப்பர்வைசர் கூண்டைத் திறந்து, "வேணுங்கறவன் எடுத்துட்டுப் போ. வயித்தால போகுதுன்னு திங்கக்கிழமை லீவு கேட்டு வந்து நிக்காதே" என்பார். நாங்கள் ஒன்றிரண்டு எடுப்போம். டப்பா சாக்கோடு வருவான்.

சும்மாவும் எடுக்கமாட்டான். ஒவ்வொரு டின்னையும் காதோரம் வைத்துக் குலுக்குவான். கண்ணை வேறு மூடிக்கொள்வான். நாடி பார்க்கிற வைத்தியர் கெட்டார், போங்கள். "பட்டாணி" என்பான். வீட்டில் திறந்தால் அன்னாசி. "மீன், சந்தேகமே இல்ல" என்பான். திறந்தால் சோளம். இத்தனை வருஷத்தில் அவன் சொன்னது ஒரே ஒரு முறைதான் பலித்தது. அன்றைக்கு டின் ஓட்டையாகி, உள்ளே இருந்தது வெளியே ஒழுகிக்கொண்டிருந்தது.

அவன் மனைவி தையல் ஃபேக்டரியில் சட்டைக் காலர் தைக்கிறவள். கல்யாணமான புதிதில் இந்த ஆள் பட்டாணியைத் தேடுகிறேன் பேர்வழி என்று ஒரே மத்தியானத்தில் சாக்கு முழுவதையும் திறந்து வைத்துவிட்டான். பட்டாணி வரவில்லை. அந்த வாரம் பூராவும் காலையில் பீட்ரூட், ராத்திரி பேரிக்காய் என்று தின்று தீர்த்தவள், ஒரு சட்டம் போட்டாள். ஒரு சாப்பாட்டுக்கு மூன்று டின்தான். திறந்ததில் எது இருக்கிறதோ அதை வைத்துத்தான் சமையல். சமைப்பதும் அவன்தான். "சுமந்துட்டு வந்த மகராசனே ஆக்கிப் போடட்டும்" என்று தீர்ப்பு.

அவனும் ஆக்குவான். சில நாள் நன்றாக இருக்கும், சில நாள் மறக்கமுடியாமல் இருக்கும். ஒரு மாடி கீழே தனிக்கட்டையாகக் கிடக்கிற நான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமானால் மேலே ஏறிவிடுவேன். ஓசிச் சோறுதான். இருந்தாலும் குறை சொல்லாமல் தின்றதில்லை.

அந்த வீட்டில் தின்னாத ஆள் ஒருவர் இருந்தார். அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர், நாங்கள் செக்கர் என்போம். டப்பாவை அவர் முதன்முதலில் பார்த்ததே பஸ்ஸில்தான். டிக்கெட் எடுக்காமல் பின்படியில் தொங்கிக்கொண்டிருந்தவனைப் பிடித்து, அபராதம் கட்டவைத்து, நடுரோட்டில் இறக்கிவிட்டார். மூன்று மாதம் கழித்து, "நான் இவரைத்தான் கட்டிக்கப்போறேன்" என்று தங்கச்சி கூட்டிவந்து நிறுத்தினால், அதே மூஞ்சி. "டிக்கெட் எடுக்காதவன் வீட்டுல ஒரு வாய் சோறு திங்கமாட்டேன்" என்று அன்றைக்குச் சொன்னவர், பத்து வருஷமாகத் தின்னவில்லை. எப்போதாவது வருவார். வாசலுக்குப் பக்கத்து நாற்காலியில் சீருடை கசங்காமல் உட்காருவார். தண்ணீர் மட்டும் குடிப்பார். போய்விடுவார். டப்பாவிடம் நேராகப் பேசமாட்டார்.

முன்பெல்லாம் அவளும் போனால் போகட்டும் என்றுதான் இருந்தாள். போன வருஷம் அண்ணி தவறிப்போனாள். அதற்குப் பிறகு அண்ணனுக்கு மூன்று வேளையும் ஹோட்டல். ஆள் பாதியாக இளைத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் அவர் வெறும் தண்ணீரோடு படியிறங்கிப் போன பிறகு, அவள் நெடுநேரம் யாரிடமும் பேசமாட்டாள். அவள் பேசாமல் இருந்தால் அந்தக் கட்டடத்துக்கே ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் சொல்லவந்த ஞாயிற்றுக்கிழமை பேய் மழை. சந்தைக்குக் கிளம்பியவள் மழையால் திரும்பிவிட்டாள். அடுப்படியில் அரிசி, ஒரு வெங்காயம், காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு. அவ்வளவுதான். அப்போது கதவு தட்டும் சத்தம். சொட்டச் சொட்ட நனைந்து செக்கர்.

"ஊசி போட்டுட்டுத்தான் கிளம்பினேன். கீழ ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு மேல வரலாம்னு பார்த்தா, ஷட்டரை இழுத்து விட்டிருக்கான்" என்றார். குரல் சரியில்லை. சர்க்கரைக்குப் போடுகிற ஊசி அது. போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும்.

"உட்காருண்ணே. ஏங்க, சீக்கிரம் ஏதாவது செய்யுங்க" என்றாள் அவள், புருஷனைப் பார்த்து. அந்த 'ஏங்க' அண்ணனுக்காக. அடுப்படிக்குள் வந்ததும், "யோவ், இன்னிக்கு மட்டும் மானத்தை வாங்கின, உன்னையும் சேர்த்து அந்தச் சாக்குல கட்டிருவேன்" என்றாள்.

அரிசி அடுப்பில் ஏறியது. டப்பா சாக்கில் கைவிட்டு ஒன்றை எடுத்துக் குலுக்கினான். "காளான்" என்றான். திறந்தால் அன்னாசி, சர்க்கரைப் பாகில் மிதந்துகொண்டு.

"சுகர்காரருக்கு அன்னாசிப் பாகு! ஏன், லட்டு ஒண்ணு பிடிச்சு வையேன்" என்றேன் நான்.

"வாயை மூடுங்க கீழ்வீட்டண்ணே" என்றாள் அவள்.

இரண்டாவது டின்னுக்கு, "மீன்" என்றான். கொண்டைக்கடலை. அது பரவாயில்லை. மூன்றாவதை அவசரத்தில் குலுக்கக்கூட இல்லை. மூடியில் வளையம் இருந்தது, ஒரே இழுப்பு. உள்ளே மாமிசத் துண்டுகள், கெட்டியான குழம்போடு. "பார்த்தீங்களா, அதிர்ஷ்டம்!" என்று வெங்காயத்தை வதக்கி அதில் கொட்டிக் கிளறினான். சும்மா சொல்லக்கூடாது, வாசனை தூக்கியது. கூடத்திலிருந்து செக்கர், "என்ன அது?" என்று கேட்டார். பத்து வருஷத்தில் அந்த அடுப்படியைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி. அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

அதே நேரம் ஜன்னலில் ஒரு பூனை. மாடிப்படியில் சுற்றுகிற பூனை, மனிதரைக் கண்டாலே ஓடுவது, மழையில் நனைந்தபடி கம்பியைப் பிராண்டிப் பிராண்டிக் கத்தியது. நான் குப்பையில் கிடந்த மூடியைப் பார்த்தேன். வளையம். எங்கள் கிடங்கில் வளையம் வைத்த டின்னில் வருவது ஒரே சரக்குதான். நான்தான் இறக்குகிறேன், எனக்குத் தெரியாதா?

"டேய். வளையம்டா" என்றேன்.

டப்பாவின் கரண்டி நின்றது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு மென்றான். "உப்பு கம்மி. மத்தபடி நல்லாத்தான் இருக்கு" என்றான் ரகசியமாக. "கொதிச்சா எல்லாம் ஒண்ணுதான். அவரு உசுரு முக்கியமா, இல்ல பூனை முக்கியமா?"

அவள் வாணலியைப் பிடுங்கினாள். "எங்கண்ணன் இந்த வீட்டுல ஒரு வாய் திங்கணும்னு பத்து வருஷமா காத்திருக்கேன்யா. அவருக்குத் தெரியாம போகலாம். எனக்குத் தெரியும்ல?" ஜன்னலுக்கு வெளியே இருந்த சிமெண்ட் திட்டில் அத்தனையையும் கவிழ்த்தாள். இருந்த ஒரே வெங்காயமும் அதோடு போனது.

கூடத்தில் ஏதோ விழுந்தது. போய்ப் பார்த்தால் செக்கரின் தொப்பி. அவர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கை வெடவெட என்று நடுங்கியது. சர்க்கரை இறங்கிவிட்டது. அவள் ஒரே ஓட்டமாக ஓடி அன்னாசிப் பாகை டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"குடி."

"இந்த வீட்டுல நான்..."

"இது சோறு இல்ல, மருந்து. குடிண்ணே, இல்லேன்னா மூக்கைப் பிடிச்சு ஊத்துவேன்."

குடித்தார். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது, நடுக்கம் அடங்கியது. தொப்பியை எடுத்துத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். மேற்கொண்டு வயிற்றுக்குள் ஏதாவது போகாவிட்டால் மறுபடி இறங்கிவிடும் என்று அவருக்கும் தெரியும். வெளியே மழை விடுவதாக இல்லை.

உள்ளே டப்பா வேலையில் இறங்கினான். அன்னாசித் துண்டுகளைப் பாகு போகக் குழாயில் அலசினான். பூண்டைத் தட்டி, மிளகாயைக் கிள்ளிப் போட்டு, அன்னாசியை ஓரம் கருகும்வரை வறுத்தான். கடலையில் பாதியை நசுக்கி, பாதியை முழுசாக விட்டு, அதோடு பிரட்டினான். சூடான சோற்றின் மேல் அள்ளிவைத்துக் கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினான்.

செக்கர் தட்டை மேலும் கீழும் பார்த்தார், தேதி போன டிக்கெட்டைப் பார்க்கிற மாதிரி. கையில் வாங்கவில்லை.

"மச்சான்" என்றான் டப்பா. "அன்னிக்கு டிக்கெட் எடுக்கல, தப்புதான். அபராதம் போட்டீங்க, அங்கேயே கட்டினேன். ரசீதுகூட நீங்கதான் கிழிச்சுக் குடுத்தீங்க. அதுக்கப்புறமும் பத்து வருஷமா அவகிட்ட வசூல் பண்றீங்களே, இது எந்த ரூல்ல இருக்கு?"

அவள் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செக்கர் வாழ்நாள் பூராவும் ரூல் பேசிய மனுஷன். நிஜமாகவே யோசித்தார்.

"ரூல்ல இல்ல" என்றார்.

தட்டை வாங்கினார். ஒரு வாய் எடுத்துப் போட்டார், மென்றார், விழுங்கினார். தங்கச்சியைப் பார்க்கவில்லை. அவள் சுவரில் சாய்ந்து முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள், ஏதோ மிளகாய் நெடி மாதிரி.

"உப்பு எங்க, மாப்ள?" என்றார் செக்கர்.

மாப்ள! டப்பா உப்பு ஜாடி எடுக்கப் போய்க் கதவில் முட்டிக்கொண்டான்.

பாதி சாப்பாட்டில் ஆள் தலையை நிமிர்த்தினார். "முதல்ல ஒரு வாசனை வந்துச்சே, கறி மாதிரி. அது எங்க?"

ஜன்னலுக்கு வெளியே பூனை சப்புக்கொட்டும் சத்தம். அவள் நைசாக நகர்ந்து ஜன்னலை மறைத்து நின்றாள்.

"நான் தின்னுட்டேன்" என்றேன்.

"பூராவுமா?"

"பசிங்க."

டிக்கெட் இல்லாமல் ஏறினவனைப் பார்க்கும் அந்தப் பார்வையை அன்றைக்குத்தான் நான் கிட்டத்தில் பார்த்தேன். இன்றைக்கும் அவருக்கு நான் சோற்றுத் திருடன்தான்.

மழை விட்டது. கிளம்பும்போது கதவோரம் இருந்த சாக்கைப் பார்த்தார். ஒரு டின்னை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கினார். "பட்டாணி" என்றார். "ராத்திரிக்கு ஆகும், எடுத்துட்டுப் போறேன். வளையம் வேற இருக்கு, திறக்கச் சுலபம்."

வளையம்! டப்பா அதைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டான்.

"அண்ணே, அதை இங்கேயே வெச்சிட்டுப் போ" என்றாள் அவள், கொஞ்சமும் பதறாமல். "அடுத்த ஞாயித்துக்கிழமை நீயே வந்து உன் கையால திற. சோறு ஆக்கி வைக்கிறேன்."

அவர் டின்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி. அரிசியை இன்னும் கொஞ்சம் குழைய விடு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அவர் தெருமுனை தாண்டியதும் அந்த டின் பூனைக்குப் போனது. அதன் இடத்தில், சாக்கில் கைக்கு வந்த ஏதோ ஒன்றை வைத்தோம். சொன்னபடி அடுத்த ஞாயிறு வந்தார். எடுத்துப் பார்த்துவிட்டு, "இதுல வளையம் இருந்துச்சே?" என்றார்.

"சுகர் இறங்கினா கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்" என்றாள் தங்கச்சி.

திறந்தார். உள்ளே பட்டாணி.

அதிலிருந்து அந்த வீட்டில் டின் குலுக்குகிற வேலை செக்கருடையது. வாராவாரம் வந்துவிடுகிறார். டப்பா வாயைத் திறந்தால், "நீ கரண்டியைப் பாரு மாப்ள" என்கிறார்.